ஊசிக்கும் சோற்றுக்கும் நடுவே

மாத்திரை போதாமல் என் கணவருக்கு இன்சுலின் ஊசி எழுதிக்கொடுத்த பிறகுதான் எங்களுக்கு இந்த விளையாட்டுப் பைத்தியம் பிடித்தது. ஊசி போட்டு அரை மணி நேரம் கழித்துச் சாப்பிட வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவர் கப்பலூரில் லோடு வண்டி ஓட்டுகிறார். நான் மாட்டுத்தாவணி பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை பார்க்கிறேன். மதியம் ஒன்றரை மணிக்கு வண்டியை ஓரங்கட்டி, வயிற்றில் ஊசியைப் போட்டுக்கொண்டு, "ம், வா புள்ள" என்று செய்தி அனுப்புவார். அந்த அரை மணி நேரம் எங்களுடையது.

அவரவர் போனில் இருந்தபடி இருவரும் சேர்ந்து கோட்டையைக் காப்பாற்றும் ஆட்டம் அது. எதிரிகள் அலை அலையாக வருவார்கள். வழியோரம் கோபுரங்கள் கட்டி அவர்களை வீழ்த்த வேண்டும். கட்டுகிற வேலை என்னுடையது. வாளோடு களத்தில் நிற்கும் ஹீரோவை ஓட்டுவது அவர். எனக்கு மூளை, அவருக்குத் துணிச்சல் என்று நான் சொல்லிக்கொள்வேன். "ஒனக்கு வாயி" என்பார்.

அன்றைக்கு இருபத்தேழாவது லெவல். இரண்டு பாதைகள் ஓரிடத்தில் கூடுகின்றன. அந்தக் கூடுமிடத்தில் பனிக்கோபுரங்களைக் கட்டி எதிரிகளின் நடையைக் குறைப்பது, ஹீரோ அங்கேயே வழிமறித்து நிற்பது, கூட்டம் சேர்ந்ததும் இடியை இறக்குவது. இதுதான் என் திட்டம். இடிக்கான பொத்தான் நிரம்பினாலும் அவர் அவசரப்பட மாட்டார். மூன்று பேருக்காக அமுக்கவே மாட்டார். பத்துப் பேராவது சேரட்டும் என்று காத்திருப்பார். அந்தப் பொறுமை எனக்குக் கிடையாது.

முதல் தடவை பாதியில் தோற்றோம். இரண்டாவது தடவை கடைசி அலையில் தோற்றோம். அரை மணி முடிந்திருந்தது.

"சாப்புடவா?" என்று கேட்டார்.

"இன்னும் ஒரே தடவை மாமா. இம்புட்டு தூரம் வந்துட்டு விடுறதா?"

அதை அனுப்பியது நான்தான். யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை.

மூன்றாவது ஆட்டத்தின் ஆறாவது அலையில் ஹீரோ அசையாமல் நின்றான். பக்கத்தில் வருபவனைத் தானாக வெட்டுவான், அதற்கு விரல் தேவையில்லை. இடிக்குத்தான் விரல் வேண்டும். பொத்தான் நிரம்பி மின்னிக்கொண்டே இருந்தது. எதிரிகள் பத்துப் பேர், பதினைந்து பேர் கூடிவிட்டார்கள். இடி விழவில்லை. "தூங்குறீகளா?" என்று கோபமாக அனுப்பினேன். பதில் இல்லை. அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்தேன். ஊசி போட்டு ஐம்பது நிமிடம் ஆகியிருந்தது. சோறு தள்ளிப்போனால் சர்க்கரை இறங்கி மயக்கம் வரும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார்.

கடை போனில் அவரை அழைத்தேன். மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அழைத்தபோதுதான் ஞாபகம் வந்தது: ஆடும்போது அழைப்பு வந்தால் தொந்தரவு என்று, சத்தமே வராதபடி அவர் போனில் மாற்றிக்கொடுத்தவள் நான். இங்கே மணி போகிறது, அங்கே ஒன்றும் கேட்காது. அவர் எந்த மரத்தடியில் நிறுத்தியிருக்கிறாரோ, அதுவும் தெரியாது.

ஆனாலும் ஆட்டத்தை விடவில்லை. கேட்பவர்களுக்கு இது கிறுக்குத்தனமாக இருக்கும். ஹீரோவின் தலைக்கு மேல் ஒரு பச்சைப் புள்ளி இருந்தது, அவர் போன் இணைப்பில் இருக்கிறது என்பதற்கு அடையாளம். கோட்டை விழுந்தால் ஆட்டம் முடியும், அந்தப் புள்ளியும் போய்விடும். போன் உயிரோடு இருந்தால் ஆளும் உயிரோடு இருப்பதாக அர்த்தமில்லை என்று எனக்கும் தெரியும். ஆனால் என்னிடம் வேறு என்ன இருந்தது? ஒரு கையில் கடை போன், மறு கையில் கோபுரம் கட்டினேன். தப்பான இடத்தில் எல்லாம் கட்டினேன். மீனாட்சித் தாயே, அவரை மட்டும் விட்டுவிடு என்று வாய்விட்டே சொன்னேன். ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார்.

ஒன்பதாவது அலையில் ஹீரோ நகர்ந்தான். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் அவன் இடப்பக்கம் ஓடினான், திரும்பி வலப்பக்கம் ஓடினான், யாருமே இல்லாத மூலையில் போய் இடியை இறக்கினான். அது அவர் விரல் இல்லை. அவர் போன் வேறு யார் கையிலோ இருக்கிறது. என் புருஷன் போய்விட்டார் என்று அந்த நொடியில் முடிவே கட்டிவிட்டேன்.

திரை மறைந்து என் போன் அடித்தது. அவர் எண்.

"யக்கா, நான் பஞ்சர் கடை. வண்டியத் தள்ளிப் போடச் சொல்ல வந்தேன். அண்ணே வேர்த்து விறுவிறுத்துச் சாஞ்சு கெடக்குறாரு. கூப்புட்டா முனங்குறாரு. போன்ல என்னமோ படம் ஓடுது, எதத் தொட்டாலும் ஓடுது. மெசேஜ் வந்த நம்பருக்கே அடிச்சேன்."

"தண்ணி குடிப்பாராண்ணே?"

"குடிக்கிறாரு."

"சீனி கரைச்சுக் குடுங்கண்ணே. நிறையப் போடுங்க. போன வைக்காதீங்க."

டம்ளரில் கரண்டி சுற்றும் சத்தம் கேட்டது. பிறகு லாரிகள் போயின. கடைசியில், குழறலாக, "ஏன் புள்ள அழுவுற?" என்றார். நான் அழுதுகொண்டிருப்பதே அதற்குப் பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"பசிக்குதுன்னு சொல்றதுக்கு என்ன மாமா?"

"நீ ஆசப்பட்டியே" என்றார்.

விளையாட்டை இருவர் போனிலிருந்தும் எடுத்துவிட்டேன். ஊசி மட்டும் தொடர்கிறது. இப்போதெல்லாம் சரியாக இரண்டு மணிக்கு நான் அவரை அழைப்பேன். பேச ஒன்றும் இருக்காது. டிபன் பாக்ஸ் மூடி திறக்கும், அவர் சாப்பிடத் தொடங்குவார். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு, அவர் மெல்லுகிற சத்தத்தைக் கடைசி வாய் வரைக்கும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.