அகஸ்ரின் விசாரித்த பையன்

அகஸ்ரினுக்கு ஐம்பத்தாறு வயது. கனடாவில், ஸ்காபரோவில் வெயர்ஹவுஸ் ஒன்றில் சாமான் தூக்குகிற போர்க்லிப்ற் ஓட்டுகிறார். அது பிழைப்பு. உயிர் கிடப்பது ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கத்துக் கூடைப்பந்து அணியில். பத்தொன்பது வருடமாக அவர்தான் மனேஜர். தூரத்தில் நின்று எறிந்து மூன்று புள்ளி எடுக்கிற கார்ட் ஒருவனும் அணியில் இல்லை. போன வருடமே மயிரிழையில் தப்பினார்கள். ஞாயிற்றுக்கிழமை பெயர்ப் பட்டியல் மூடுவதற்குள் ஆள் கிடைக்காவிட்டால் இரண்டாம் பிரிவுக்கு இறங்க வேண்டியதுதான்.

பக்கத்தில் வெக்ஸ்போர்ட்டில் ஒரு மண்டபத்தில் திலக்சன் என்ற பையனைக் கண்டார். மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்று பத்துத் தரம் எறிந்தான், ஒன்பது விழுந்தது. அவனுடைய பழைய அணி கலைந்துவிட்டதாம், யாரும் சேர்த்துக்கொள்ளலாமாம். அகஸ்ரினுக்குத் திறந்த வாய் மூடவில்லை.

வேறு எவனாக இருந்தாலும் போய், எங்களோடு விளையாடுகிறாயா என்று கேட்டிருப்பான். நம்முடைய மனிதர் கேட்பாரா? ஆளிடமே நேரே கேட்பது என்ன பழக்கம்? முதலில் விசாரிக்க வேண்டும். விதியும் ஒன்று இருந்தது: தாயோ தகப்பனோ அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்திருக்க வேண்டும். கோயிலில் எல்லாரையும் தெரிந்த அன்ரனெற்றில் தொடங்கிப் மூன்று நாளில் பதினொரு வீட்டுக்குப் போன் எடுத்தார்.

“உந்தத் திலக்சன் ஆற்றை பொடியன்? தாய் எந்த ஊர்? குடி கிடி இருக்கோ? வேலை நிரந்தரமோ? உயரம் ஆறடி வருமெல்லோ?”

“நல்ல பொடியன் அண்ணை. தாய் உங்கடை பள்ளிக்கூடத்திலை படிச்சவ. ஏன் கேக்கிறியள்?”

“ஒரு அலுவலாத்தான்.”

உண்மையைச் சொன்னால் மற்ற அணிகள் மோப்பம் பிடித்துவிடும் என்று அவருக்குப் பயம். வீட்டில் இருபத்தேழு வயதில் கலியாணம் கட்டாத மகள் மெலனி இருப்பது அந்த மூன்று நாளும் அவருடைய நினைவிலேயே இல்லை. பதினொரு வீட்டாருக்கும் அது மட்டும்தான் நினைவில் இருந்தது.

வெள்ளிக்கிழமை வேலையில் சாப்பிட உட்கார்ந்தபோது அன்ரனெற் போன் எடுத்தார்.

“அண்ணை, மெலனிக்கெண்டால் முந்தியே சொல்லியிருக்கலாமே. திலக்சனுக்கும் கரோலின் எண்டொரு பிள்ளைக்கும் எல்லாம் பேசி முடிஞ்சு, வெளியிலை சொல்லாமல் இருந்தவை. நீங்கள் விசாரிச்சது பிள்ளையின்ரை தகப்பன்ரை காதுக்குப் போயிட்டுது. பொடியன் வீட்டுக்காரர் ரெண்டு பக்கமும் பேசுகினம் எண்டு, மனுசன் நேற்று வேண்டாமெண்டு சொல்லிப்போட்டார்.”

அகஸ்ரினுக்குத் தலையில் இடி விழுந்தது போலிருந்தது. “நான் பந்துக்கெல்லோ கேட்டனான்,” என்றார். கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். பந்தைப் பற்றி அவற்றில் ஒன்றுகூட இல்லை. போர்க்லிப்ற்றில் ஏறப் பயந்து, சுகமில்லை என்று சொல்லி வீட்டுக்குப் போனார். கரோலினின் தகப்பனுக்கு மூன்று தரம் எடுத்தார். மனிதர் போனைத் தூக்கவில்லை.

ஞாயிறு காலை பெயர் பதிகிற மேசைக்குத் திலக்சன் தானாகவே வந்தான். கண் வீங்கியிருந்தது.

“ரீமுக்குத்தான் தேடினீங்களெண்டு அன்ரனெற் அன்ரி இப்பதான் சொன்னவ. ஃபோமைத் தாங்கோ அங்கிள்.”

“தம்பி, நான் போய் அந்தாளின்ரை காலிலை விழுறன்.”

“இற்ஸ் ஓவர், அங்கிள். கரோலின் என்ரை நம்பரை புளொக் பண்ணிட்டா.”

அவன் குனிந்து கையெழுத்துப் போட்டான். பேனையை மேசையில் வைத்துவிட்டு நிமிர்ந்தான்.

“என்னட்டையே ஒருக்கால் கேட்டிருக்கலாமே. அண்டைக்கே ஓம் எண்டிருப்பன்.”