சிவப்பு மையில் இரண்டு சரி

அந்தக் கொப்பி இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது. சாதாரண நாற்பது பக்கக் கொப்பி. முதல் பக்கத்தில் கொட்டை எழுத்தில் ‘முதல் வேட்டை’ என்று எழுதி, அடியில் இரட்டைக் கோடு இழுத்திருக்கிறேன். அடுத்த பக்கத்தில் தேவையான சாமான்கள்: காலுக்குச் சப்பாத்து, மழைக்கோட்டு, அட்டைக்கடிக்கு உப்பு, காட்டெல்லை முனியாண்டிக்குக் கற்பூரம், சுருக்குக் கட்ட முச்சக்கர வண்டியில் கழித்த பழைய கிளட்ச் கம்பி ஆறு. மூன்றாம் பக்கத்தில் அடிமட்டம் வைத்துக் கோடு போட்ட அட்டவணை. நாளுக்கொரு வரிசை, ஒவ்வொரு வரிசையின் கடைசியிலும் சிவப்புப் பேனையால் ஒரு சரி. பிள்ளைகளின் கணக்குக்குச் சரி போட்டே பழகிய வாத்தியார் கை, எல்லாம் அச்சடித்த மாதிரி இருக்கும். அதில் கடைசி இரண்டும் பொய்.

பூனாகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெண் எடுத்தவன் நான். மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், அங்கே கவ்வாத்து வெட்டுகிறவர். தேயிலைச் செடியை ஒரே வீச்சில் சீவித் தள்ளுகிற கை. விருந்துக்குப் போகும்போதெல்லாம் என்னைச் சீண்டாமல் அவருக்குச் சோறு இறங்காது. “நம்ம மாப்ளைக்கு வெண்கட்டி ஒடிக்கத்தான் தெரியும். கோழி அறுக்கக் கூப்பிட்டா கண்ண இறுக்கி மூடிக்கிறாரு” என்பார். வரிசை வீட்டு லயமே சிரிக்கும். நானும் சேர்ந்து சிரிப்பேன், ஆனால் உள்ளே சுருக்கென்று தைக்கும். அந்த நாட்களில்தான் கைபேசியில் ஒரு காணொளி பார்த்தேன். அமெரிக்காவில் யாரோ ஒருவர், கழுதைக்கு இருப்பதுபோலப் பெரிய காதுள்ள மான்களைத் தேடி, அரசாங்க நிலத்தில், துணைக்கு ஆள் பிடிக்காமல், சொற்பச் செலவில் முதன்முதலாக வேட்டைக்குப் போகிறார். நடக்கும் தூரம், காற்றின் திசை, கொண்டுபோகும் சாமான் எல்லாவற்றையும் எழுதிவைத்துத் திட்டம் போடுகிறார். எழுதுவதுதானே, அது எனக்கு வராதா என்று தோன்றியது. தோட்டத்துக்கு மேலேயும் அரசாங்கக் காடு இருக்கிறது. அந்த மனிதரிடம் அனுமதிச்சீட்டும் துவக்கும் இருந்தன, என்னிடம் இரண்டும் இல்லை. அந்த இடத்தை மட்டும் வசதியாகத் தாண்டிவிட்டேன்.

மச்சானுக்கு இதில் கொஞ்சமும் இஷ்டமில்லை. விறகுக்குப் போய்ப் போய்க் காடு அவருக்கு அத்துப்படி, ஆனால் அவரும் ஒருநாளும் வேட்டைக்குப் போனதில்லை. “வேணாம் மாப்ள. கம்பிக்கு எது பன்னி எது மரைன்னு தெரியாது” என்றார். மரை என்றால் எங்கள் மலைக்காட்டுப் பெரிய மான். நான் விடவில்லை. கொப்பியில் ‘காட்டுப்பன்றி மட்டும்’ என்று எழுதிக் காட்டினேன். எழுதிவிட்டால் நடந்துவிடும் என்று நம்புகிற மடத்தனம் வாத்தியார்மாருக்கே உரியது. கடைசியில் தங்கச்சி புருஷன் கேட்கிறாரே என்று இறங்கிவந்தார். ஒரு நிபந்தனை போட்டார். “கட்டுனா தெனமும் காலையில போய்ப் பாக்கணும். வேற ஏதாச்சும் மாட்டியிருந்தா அவுத்து விடணும். அது முடியாதுன்னா கட்டவே கூடாது.” காலையில் பேர் பதிகிற பெரட்டுக்கு அவர் போய் நின்றால்தான் அன்றைய வேலை. எனக்குப் பள்ளி விடுமுறை. அதனால் கம்பி கட்டுவது அவர் வேலை, போய்ப் பார்ப்பது என் வேலை என்று கொப்பியில் எழுதிக்கொண்டேன். அவர் வீட்டிலேயே தங்கினேன்.

நான்கு நாட்கள் ஒழுங்காகப் போனேன். பனியில் நனைந்து, காலில் அட்டையைத் தட்டிவிட்டு, ஆறு கம்பியையும் பார்த்துத் திரும்பி வந்து சரி போட்டேன். ஐந்தாம் நாள் விடியும்போதே மழை கொட்டியது. மச்சான் படங்கைத் தலையில் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு ஓடுவதைப் படுக்கையிலிருந்து பார்த்தேன். பிறகு கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டேன். பகல் சாப்பாட்டுக்குத் தெப்பமாக நனைந்து வந்தவர், “போனீங்களா மாப்ள?” என்றார். “போனேன் மச்சான். ஒண்ணுமில்ல” என்றேன். அவர் பார்க்கவே கொப்பியை எடுத்துச் சரி போட்டேன். மறுநாளும் மழை, மறுநாளும் அதே கேள்வி, அதே பதில், அதே சரி.

ஏழாம் நாள் மழை விட்டது. காட்டோரத்து மேல்மலைக்குக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள்தான் கண்டார்கள். பெட்டை மரை. பின்னங்காலில் கம்பி எலும்புவரை இறங்கியிருந்தது. கம்பியின் நீளத்துக்கு அது சுற்றிச் சுற்றி இழுத்ததில் புல்லெல்லாம் போய், வட்டமாகச் சிவப்பு மண் தெரிந்தது. வனஜீவி அதிகாரிகள் வந்து சேரும்போதும் உயிர் இருந்தது, கம்பியை வெட்டி எடுத்த சற்று நேரத்தில் அடங்கிவிட்டது. மச்சான் கம்பியோடு காட்டுக்குப் போனதை யாரோ கண்டிருந்தார்கள். “கூட யார்?” என்று அதிகாரிகள் அவரைக் கேட்டார்கள். “யாருமில்லீங்க. நான் மட்டுந்தான்” என்றார். நான் நின்ற பக்கம் அவர் திரும்பவே இல்லை. என் பக்கத்தில் நின்ற ஒரு அக்கா, “வாயில்லா சீவன், எந்தப் பாவி கட்டுனானோ” என்று முந்தானையால் கண்ணைத் துடைத்தார். நானும் ‘ஆமா’ என்று தலையாட்டினேன். இதை எழுதும்போதும் எனக்குக் கூசுகிறது.

மச்சான் பதுளைச் சிறையில் பதினான்கு நாள் இருந்தார். ஒரேயொரு தடவை பார்க்கப் போனேன், அதுவும் பள்ளிக்கூடத்து ஆட்கள் கண்டுவிடுவார்களோ என்று குடையைத் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு. வெளியே வந்த அன்று, வீட்டுப் பின்பக்கத்தில் என்னைத் தனியாக நிறுத்திக் கேட்டார். “அந்த ரெண்டு நாளும் போனீங்கதானே மாப்ள?” குரலில் கோபமே இல்லை. உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று கெஞ்சுவதுபோலத்தான் இருந்தது. “போனேன் மச்சான்” என்றேன். அன்றிலிருந்து அவர் என்னைச் சீண்டுவதில்லை. மாப்ள என்று கூப்பிடுவதும் இல்லை, மாஸ்டர் என்கிறார். உறவுக்காரர்கள் அதை மரியாதை என்று நினைக்கிறார்கள்.

பல வருடம் கழித்து, போன வாரம் தன் மகளின் கலியாணப் பத்திரிகையோடு என் வீட்டுக்கு வந்தார். அவர் தேநீர் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்து, கொப்பியை எடுத்து அந்தப் பக்கத்தை விரித்து அவர் முன்னால் வைத்தேன். “இந்த ரெண்டு நாளும் நான் போகல மச்சான்” என்றேன்.

அவர் கொப்பியைத் தொடவில்லை. “தெரியும் மாஸ்டர். ரெண்டு நாளும் விடாத மழ. ஒங்க சப்பாத்து கதவுக்குப் பின்னால காஞ்சி கெடந்துச்சு.”

“தெரிஞ்சுமா பேசாம இருந்தீங்க?”

“சப்பாத்தப் பாத்தேன். அப்புறம் நீங்க சரி போடுறதப் பாத்தேன். பள்ளிக்கூடத்து மனுசன் பொய் சொல்லுவாரான்னு என்னையே திட்டிக்கிட்டேன். ஒரு எட்டு நான் போயிருந்தா அது பொழச்சிருக்கும்ல.”

சிறைக்கும் அவரே போனார். அந்த மரைக்காக இத்தனை வருடமும் தன்னையே நொந்துகொண்டும் இருந்திருக்கிறார். நான் என்னவோ என் வெட்கம்தான் பெரிதென்று அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அவர் கொப்பியை மூடி, பிள்ளைகள் நீட்டுவதுபோல இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார். “வெள்ளிக்கிழமை நேரத்தோட வந்துருங்க மாஸ்டர்” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார். மாப்ள என்று கூப்பிடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கொப்பியை வாங்கி மறுபடியும் இழுப்பறைக்குள் வைத்தேன்.