முயலுக்கு முதல் வாய்

என் மகளுக்குக் காய்ச்சல் கண்டதை முயல் கூண்டின் கதவில்தான் முதலில் பார்த்தேன். காலையில் புல் போட்டுவிட்டுக் கதவைச் சாத்தியவள், தாழ்ப்பாளாக வைத்திருந்த மூங்கில் குச்சியைத் துளையில் செருக முடியாமல் நின்றாள். குச்சி துளையின் ஓரத்தில் தடதடவென்று தட்டிக்கொண்டே இருந்தது. விளையாடுகிறாள் என்று நினைத்து, "சட்டுனு மூடு புள்ள, கீரி வந்துரும்" என்று அதட்டினேன். திரும்பிப் பார்த்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது.

அவள் பெயர் பாவாயி. அப்போது எட்டு வயது. என் வீட்டுக்காரர் கொல்லிமலையில், ஆலத்தூர் நாட்டுப் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தார். நாங்கள் அடிவாரத்து முள்ளுக்குறிச்சிக்காரர்கள். மூட்டை முடிச்சோடு மலையேறிய அன்றே உறவுக்காரர்கள் மலைக்காய்ச்சலைச் சொல்லிப் பயமுறுத்தித்தான் அனுப்பினார்கள். நான் யார் பேச்சையும் கேட்கிறவள் இல்லை. அந்தக் காலையில் அவ்வளவு பேர் சொன்னதும் ஒன்றுவிடாமல் நினைவுக்கு வந்தது.

வீட்டில் காய்ச்சல் பிள்ளையும், அந்தப் பிள்ளைக்கு உயிரான ஒரு வளர்ப்புப் பிராணியும் சேர்ந்திருக்கிற தாய்மார்கள் யாராவது இதைப் படித்தால், நான் செய்த தவறு அவர்களுக்கு நேர வேண்டாம். அதற்காகத்தான் எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்லபடியாகச் சொல்லிக்கொள்ள இதில் அதிகம் இல்லை.

முயல்கள் இரண்டு. பஞ்சு, மல்லி. இரண்டும் வெள்ளை. சீமைக்குத் திரும்பிப் போன ஒரு துரை வீட்டுச் சமையல்காரர் கொடுத்துவிட்டுப் போனவை. மலையில் காட்டு முயலைக் குழம்பில் பார்த்திருக்கிறார்களே தவிர, வளர்க்கிற முயலைப் பார்த்தவர்கள் இல்லை. பாவாயியின் அப்பா மூங்கில் வெட்டி வந்து, இடுப்புயரக் கால்கள் வைத்துக் கூண்டு கட்டினார். புழுக்கை கீழே விழுந்துவிடும்படி தரைக்குப் பிளந்த மூங்கில் பப்பைகளை விரல் இடைவெளி விட்டு அடுக்கினார். பனிமூட்டம் இறங்கும் நாட்களில் மூன்று பக்கமும் சாக்குத் தொங்கவிடுவோம். ஈரப்புல் முயலுக்கு வயிற்றை ஊதவைக்கும் என்பதால் அருகம்புல்லை அடுப்படியில் வாட்டிப் போடுவோம். எறும்பு ஏறாமலிருக்கக் கூண்டின் கால்களைத் தண்ணீர் ஊற்றிய கொட்டாங்குச்சிகளில் நிறுத்தியிருந்தேன். அது என் யோசனை.

இன்னொன்றும் என் யோசனைதான். எங்கள் பக்கத்தில் மாட்டுக்கோ காக்கைக்கோ ஒரு கை வைக்காமல் சாப்பிட உட்கார மாட்டோம். மலையில் எங்களுக்கு மாடில்லை. அதனால் அந்த ஒரு கையை முயலுக்கு மாற்றிக்கொண்டோம். "மொத வாய் வாயில்லாச் சீவனுக்கு, ரெண்டாவது வாய்தான் நமக்கு" என்று பாவாயிக்குச் சொல்லிப் பழக்கினேன். அவள் ஒரு வேளைகூடத் தவறியதில்லை. பிள்ளையை நன்றாக வளர்க்கிறோம் என்று எனக்குள் ஒரு கர்வம் இருந்தது.

வாரம் ஒருமுறை மலைக்கு வரும் டாக்டரிடம் அவளைத் தூக்கிக்கொண்டு போனோம். அவர் இடப்பக்க விலாவுக்குக் கீழே விரல்களால் அழுத்திப் பார்த்தார். மண்ணீரல் (இரத்தத்தில் கெட்டதை வடிகட்டும் உறுப்பு, நல்ல உடம்பில் கைக்குத் தட்டுப்படாது) வீங்கியிருப்பதாகச் சொன்னார். முறைக்காய்ச்சல் (ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஏறக்குறைய அதே வேளையில் வரும் குளிர்காய்ச்சல்) என்றார். கொயினா (ஒரு மரப்பட்டையிலிருந்து எடுக்கும் கடுங்கசப்பு மருந்து) மாத்திரைகளைக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று கொடுக்கச் சொன்னார்.

"மூணு நாலு நாள்ல காதுக்குள்ள இரைச்சல் கேக்குதும்பா. பயந்துராதீங்கம்மா. மருந்து உடம்புல சேர்ந்திருக்குன்னு அர்த்தம்" என்றார்.

முதல் மாத்திரையை வாயில் போட்டதும் பாவாயி குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தாள். இரண்டாவதைப் பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கவே மறுத்தாள். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். "மாத்திரை வேண்டாஞ் சாமி, பழந் தின்னு போதும்" என்று சொல்லிவிட்டு, அடுப்படியில் மலைவாழைப்பழத்தைத் துண்டு போட்டு, நுனித் துண்டுக்குள் மாத்திரையை அழுத்தி மூடினேன். பாதியில் போதும் என்று வைத்துவிட்டால்கூட முதல் துண்டு உள்ளே போயிருக்கும் அல்லவா? தட்டை அவள் கட்டிலில் வைத்து, "மொதல்ல இதைத் தின்னு கண்ணு" என்று நுனித் துண்டைக் காட்டிவிட்டு, களி கிண்டப் போய்விடுவேன். திரும்பி வரும்போது தட்டு காலியாக இருக்கும். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

முயல்களைப் பார்க்காமல் படுக்க மாட்டேன் என்று அவள் அழுததால், கூண்டைக் கட்டிலை ஒட்டியே கொண்டுவந்து வைத்திருந்தோம்.

அந்த வாரத்தில் எனக்குக் கிழமைகள் மறந்துபோயின. காய்ச்சல் நாள், வெறும் நாள் என்று இரண்டுதான். வெறும் நாளில் எழுந்து உட்கார்ந்து முயலோடு பேசுவாள். அதைப் பார்த்துச் சந்தோஷப்பட முடியாது, நாளை காய்ச்சல் நாள். காய்ச்சல் நாளில் உச்சி வெயில் ஏறும் நேரத்துக்குக் குளிர் தொடங்கும். வீட்டிலிருக்கிற போர்வை, சாக்கு எல்லாவற்றையும் போட்டு மூடினாலும் கட்டில் ஆடும். பிறகு கொதிக்கும். பிறகு வியர்த்து, நனைந்த துணிபோல் கிடப்பாள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் இளைத்து எழுந்தாள். மணிக்கட்டை என் இரண்டு விரலால் வளைத்துப் பார்ப்பேன். விரல்கள் நாளுக்கு நாள் அதிகமாக ஒன்றன்மேல் ஒன்று ஏறின.

"காதுக்குள்ள இரையுதா கண்ணு?" என்று காலையும் மாலையும் கேட்டேன். "இல்லீம்மா" என்றாள்.

அடுத்த வாரம் டாக்டர் வீட்டுக்கே வந்து பார்த்தார். விலாவுக்குக் கீழே விரல் வைத்ததும் அவர் முகம் மாறியது.

"மாத்திரை சரியாக் குடுத்தீங்களா?"

"ஒரு வேளை விடலீங்க. என் கையாலதான் குடுத்தேன்."

"இரைச்சல் இல்லைங்குறா. காய்ச்சலும் அசையல. அப்போ இது வேற காய்ச்சலோன்னு சந்தேகமா இருக்கு." குடற்காய்ச்சலாக (குடலைப் புண்ணாக்கி வாரக்கணக்கில் எரிக்கும் காய்ச்சல்) இருக்கலாம் என்றார். "மாத்திரையைக் கூட்டித் தரேன். நாலு நாள் பாப்போம். நிக்கலேன்னா கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு டோலி கட்டித் தூக்கிட்டுப் போயிருங்க."

"வழி தாங்குவாளாங்க?" என்று கேட்டார் பாவாயியின் அப்பா.

டாக்டர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். போகும்போது கூண்டின் கால்களைக் குனிந்து பார்த்தார். கொட்டாங்குச்சித் தண்ணீரில் கொசுப்புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. கொட்டச் சொல்லிவிட்டுப் போனார். காய்ச்சல் அதிலிருந்துதான் வந்தது என்று அவர் சொல்லவில்லை. அவர் சொல்ல வேண்டியதே இல்லை. கொட்டிவிட்டுச் சாம்பலை நிரப்பினேன்.

அன்று பாவாயியின் அப்பா கூண்டையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "முயலை யாருக்காச்சும் குடுத்துரலாம் புள்ள. ஊரே சொல்லுது, இதுக வந்துதான் காச்சல் வந்துச்சுன்னு" என்றார்.

"ஏனுங்க, அவ கேட்டா என்ன சொல்றது?"

"கேக்கறதுக்கு அவ இருக்கோணுமல்ல?"

சொல்லிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்ததை அவர் வாய் சொல்லிவிட்டது. நான் மறுக்கவில்லை.

மறுநாள் வெறும் நாள். முயல்களை வாங்கிப்போகச் சின்னப்பொண்ணு வந்தாள். பக்கத்துக் காட்டில் சாமையும் மரவள்ளியும் போடுகிற மலைக்காரப் பெண். கூண்டருகே போய்க் கையைத் தட்டினாள். மல்லி துள்ளி மூலைக்கு ஓடியது. பஞ்சு அசையவில்லை. இன்னும் பலமாகத் தட்டினாள்.

"வாத்தியாரூட்டம்மா, இதுக்குக் காது கேக்கலீங்களே!"

"சோம்பேறிங்க அது. தின்னு கொழுத்துப் போச்சு."

"இல்லீங்க. முயலுக்குக் காதுதானுங்க காவல். நாங்க கண்ணி வெச்சுப் பழகுனவிய, எங்களுக்குத் தெரியாதுங்களா? எல தட்டுனாக்கூடக் காது திரும்பிரும். இங்க பாருங்க, ஆடுதுங்க இது."

பார்த்தேன். பஞ்சு குடிகாரனைப்போலத் தள்ளாடி இரண்டடி வைத்தது. முந்தின நாள் புல் அப்படியே கிடந்தது. தட்டுச் சத்தம் கேட்டதும் கூண்டுக் கதவில் மூக்கை வைக்கிற பிராணி, இரண்டு நாளாகத் தொட்டால்தான் திரும்புகிறது. கவனித்திருந்தும் மனதில் வாங்கவில்லை. பிள்ளைக்கு இப்படி இருக்கும்போது முயலை யார் பார்ப்பது?

காது. மருந்து உடம்பில் சேர்ந்தால் காதில் தெரியும் என்றார் டாக்டர்.

கட்டிலில் போய் உட்கார்ந்தேன்.

"கண்ணு, அம்மா பழங் குடுத்தனல்ல, எல்லாம் நீயேதான் தின்னியா?"

"மொத வாய் பஞ்சுக்குக் குடுத்துட்டுத் தின்னேன்." என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "நீதானம்மா அப்படித் திங்கோணும்னு சொன்னே? மல்லி வாங்கலை. பஞ்சுதான் வாங்குச்சு."

கசப்பை மனிதப் பிள்ளை துப்பியது. கசக்கிற கல்யாணமுருங்கை இலையையே விரும்பித் தின்கிற முயல், பழத்தோடு விழுங்கிவிட்டது. ஒரு வாரமாக என் மகளின் மருந்தை என் கையாலேயே முயலுக்கு ஊட்டியிருக்கிறேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை என்று சொல்லிச் சிரிக்கலாம். அன்று சிரிப்பு வரவில்லை. தலையில் அடித்துக்கொண்டேன்.

பாவாயி மெதுவாகக் கேட்டாள். "பழத்துக்குள்ளயா மாத்திரை இருந்துச்சு? வேண்டாம்னு சொன்னியேம்மா?"

சின்னப்பொண்ணு இருந்ததால் அழாமல் இருந்தேன்.

டாக்டர் கூட்டிக் கொடுத்திருந்த மாத்திரையை அப்படியே போட்டுவிடலாமா என்று கை பரபரத்தது. பயமாகவும் இருந்தது. அவர் அதைக் கூட்டியது நான் சொன்ன பொய்க் கணக்கை நம்பி. பாவாயியின் அப்பாவை டாக்டர் தங்கியிருந்த ஊருக்கு ஓட்டமாக அனுப்பினேன். பொழுது சாயும் முன் கேட்டுக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். பழைய அளவையே முதலிலிருந்து தொடங்க வேண்டுமாம். "கொல்லிமலையிலேயே காய்ச்சல் வராத ஒரே முயல் உங்களுதுதான்" என்று டாக்டர் சொன்னாராம். அவருக்கும் நிம்மதிபோலிருக்கிறது, கேலி வந்திருக்கிறது.

மாத்திரையை உள்ளங்கையில் வைத்து, பக்கத்தில் மலைத்தேன் கிண்ணத்தோடு நீட்டினேன்.

"இதைத் தின்னா எனக்கும் பஞ்சு மாதிரி காது போயிருமா?"

இல்லவே இல்லை என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. "கொஞ்ச நாளைக்கு இரையும் சாமி. கசக்கும். அப்புறம் சரியாப் போயிரும்னு டாக்டரு சொன்னாரு. எனக்கும் அவ்வளவுதான் தெரியும்" என்றேன்.

கூண்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். கண்ணை இறுக்கிக்கொண்டு விழுங்கினாள். வாந்தியை அடக்க வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தச் சிறிய முதுகு இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

அடுத்த காய்ச்சல் நாளில் குளிர் வந்தது. சாக்கு வரைக்கும் போகாமல் போர்வையோடு நின்றது. அதற்கடுத்த காய்ச்சல் நாளின் காலையில் அடுப்படியில் இருந்தேன்.

"அம்மா, காதுக்குள்ள சில்வண்டு கத்துது!"

ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு, ஓவென்று அழுதேன். காது இரைகிறது என்று ஒரு பிள்ளை சொல்ல, அதற்குத் தாய் கும்பிடு போட்டது எங்கள் வீட்டில்தான் நடந்திருக்கும். அன்று உச்சி வெயில் ஏறியது, இறங்கியது. அவள் உடம்பில் கை வைத்தபடியே உட்கார்ந்திருந்தேன். குளிர் வரவில்லை.

முயல்களைக் கொடுக்கவில்லை. துணித் திரியைத் தண்ணீரில் நனைத்துப் பஞ்சுவின் வாயோரம் வைத்தோம். கேழ்வரகு முளையை விரலால் ஊட்டினோம். சின்னப்பொண்ணு இளம்புல் கொண்டுவந்து போட்டாள். பஞ்சு தள்ளாடாமல் நிற்கப் பழகிச் சில வாரங்கள் கழித்து, பாவாயி கூப்பிட்டபோது ஒரு காது மட்டும் அவள் பக்கம் திரும்பியது. அதை அவள் தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தாள்.

மண்ணீரல் விரலுக்குத் தட்டுப்படாமல் உள்ளே போனதும் டாக்டர் குணமாகிவிட்டது என்றார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் உண்டு. காய்ச்சல் விட்ட நாளிலிருந்து நான் எது கொடுத்தாலும் பாவாயி பிளந்து பார்த்துத்தான் தின்றாள். பழத்தை இரண்டாகப் பிய்ப்பாள், களி உருண்டையை விரலால் கிண்டுவாள், பிறகு வாயில் போடுவாள். கோபமாகச் செய்யவில்லை. முகம் கழுவுவதுபோல் அது அவளுக்கு ஒரு வழக்கமாகிவிட்டது. முயலுக்குக் கொடுக்கும் முதல் வாயையும் பிளந்து என்னிடம் காட்டிவிட்டுத்தான் கொடுத்தாள்.

இரண்டு சாமை அறுப்பு கழிந்தது. ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு ஓடிவந்தவள், முறத்தில் இருந்த பழத்தை எடுத்து நீட்டச் சொன்னாள். கொடுத்தேன். நுனியைக் கிள்ளிப் பஞ்சுவுக்குப் போட்டாள். மீதியைப் பேசிக்கொண்டே கடித்துத் தின்றுவிட்டாள். பிளக்கவில்லை. பார்க்கவில்லை. என் மகளுக்குக் குணமான நாள் எது என்று யாராவது கேட்டால் அந்த நாளைத்தான் சொல்வேன்.

எனக்கு இன்னும் அந்த நாள் வரவில்லை. வெறும் நாளா காய்ச்சல் நாளா என்று விடியும்போதே மனது கேட்கிறது. உச்சி வெயில் ஏறும் நேரத்தில் கை தானாக அவள் நெற்றியைத் தேடுகிறது. யாருக்குப் பழம் கொடுத்தாலும், இரண்டாகப் பிளந்து, உள்ளே ஒன்றுமில்லை என்று காட்டிவிட்டுத்தான் கொடுக்கிறேன். பிள்ளை தேறிவிட்டாள், முயலும் தேறிவிட்டது. என் கை இன்னும் தேறவில்லை.