பழுப்புப் பைக்குப் பதினேழு மதிப்பெண்

சைக்கிளின் பின்னால் இருபுறமும் தொங்கவிட ஒரு ஜோடிப் பை வேண்டுமென்று போன வாரம் டாலிகஞ்சில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். மெழுகு ஏற்றிய கித்தான் பைகள்தான் இப்போது மறுபடி நாகரிகமாம். கடையில் இருந்த பெண் ஒன்றை எடுத்து நீட்டி, "இதை எடுத்துக்கோங்க தீதி, உள்ளே என்ன இருக்குன்னு ஒருத்தருக்கும் தெரியாது" என்று வங்காளியில் சொன்னாள். நல்லதாக நினைத்துத்தான் சொன்னாள். எனக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. வாங்காமல் வீட்டுக்கு வந்து, பீரோவின் கீழ்த்தட்டிலிருந்து என் ஐந்தாம் வகுப்பு நோட்டை எடுத்துச் சரிபார்த்தேன். அவள் சொன்னதே அதில் ஒரு கேள்வியாக இருந்தது.

அப்போது நாங்கள் டாக்குரியாவில் ரயில் பாதையை ஒட்டிய ஒரு மாடி வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குத் துறைமுக அலுவலகத்தில் வேலை. அம்மா வீட்டில் இட்லி மாவு அரைத்து, லேக் கார்டன்ஸில் இருந்த தமிழ்க் குடும்பங்களுக்கு ஞாயிறுதோறும் கொண்டுபோய் விற்றாள். அவர்களில் பாதிப் பேர் அப்பாவின் அலுவலகத்துக்காரர்கள். ரிக்‌ஷாவில் போய்க்கொண்டிருந்த அம்மா, நான் காக்கிமா என்று கூப்பிடும் கீழ்வீட்டு வங்காளிச் சித்தியிடம் சைக்கிள் கற்றுக்கொண்டு, ஒரு பழைய லேடீஸ் சைக்கிளையும் வாங்கிவிட்டாள். அப்பா ஒரு வாரம் முழுக்க அந்தச் சைக்கிள் நின்ற பக்கமே திரும்பவில்லை. பிறகு திடீரென்று, மாவுத் தூக்குகளை வைக்கப் பை நான் வாங்கித் தருகிறேன், எதை வாங்குவது என்று குழந்தை சொல்லட்டும் என்றார்.

குழந்தை என்றால் நான். வீட்டில் ஒரு விஷயம் என் தீர்ப்புக்கு விடப்பட்டது அதுவே முதல் தடவை. நோட்டில் கோடு போட்டுக் கட்டம் கட்டி, இருபது மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வே தயாரித்துக்கொண்டு போனேன்.

ஸ்டேஷன் பக்கத்துத் தார்ப்பாய்க் கடையில் இரண்டு ஜோடிகள் இருந்தன. பழுப்பு ஒன்று, பச்சை ஒன்று. கடைக்காரரை நான் காகு என்று கூப்பிட்டேன். அங்கே சித்தப்பா வயதுக்காரர்கள் எல்லோரும் காகுதான். அவர் பொறுமையாக இரண்டின் மேலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றிக் காட்டினார். கால் மணி நேரம் காத்திருந்து உள்ளே கைவிட்டுப் பார்த்தேன். இரண்டும் உலர்ந்திருந்தன. வாரைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். தையலை எண்ணினேன். பழுப்புப் பையில் மூடிக்குக் கீழே பித்தளை வளையம் போட்ட ஓட்டைகள் இருந்தன, பச்சையில் இல்லை. பச்சைப் பை இரட்டைக் கித்தான், மூடி அடிவரை இறங்கி இரண்டு பக்கிள்களில் பூட்டிக்கொள்ளும். அம்மா மாவுப் பாத்திரத்தை ஒருநாளும் இறுக்கி மூடமாட்டாள் என்பது எனக்குத் தெரியும். அதனால் "காற்றுக்கு வழி" என்ற கட்டத்தில் பச்சைக்குப் பூஜ்யம் போட்டேன். பழுப்பு பதினேழு, பச்சை பதினொன்று.

அப்பா எதையும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. தன் அரைகுறை வங்காளியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: உள்ளே இருப்பது வெளியே தெரியுமா? பச்சையில் தெரியவே தெரியாது என்றார் காகு. கொஞ்சம் கழித்து அப்பா அதையே மறுபடி கேட்டார். பிறகு பச்சையைக் கட்டித் தரச் சொன்னார்.

நான் நோட்டைக் காட்டினேன். "ரெண்டும் ஒண்ணுதான்மா. அம்மா கேட்டா நீதான் எடுத்தேன்னு சொல்லு, சந்தோஷப்படுவா" என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை வருவதுபோல் புழுங்கியதே தவிர வரவில்லை. தூக்குகளின் மூடிகளை அழுத்தி, பக்கிள்களை இழுத்துப் பூட்டி அனுப்பியவர் அப்பாதான். ரயில்வே கேட் மூடிக் கிடந்ததில் அம்மா அரை மணிக்கு மேல் அந்தப் புழுக்கத்தில் நின்றிருக்கிறாள். லேக் கார்டன்ஸில் அப்பாவின் மேலதிகாரி வீட்டு வாசலில் பையைத் திறந்தால், மூடிகளைத் தள்ளிக்கொண்டு பொங்கிய மாவில் தூக்குகள் கழுத்தளவு முங்கிக் கிடந்தன. வெளியே ஒரு சொட்டு வரவில்லை. அந்த விஷயத்தில் காகு பொய் சொல்லவில்லை.

"யாரு பாத்து எடுத்த பை இது?" என்று அம்மா கேட்டபடியே படியேறினாள்.

அப்பா பத்திரிகையை இறக்கவே இல்லை. "உன் பொண்ணு எடுத்ததுதான். கேட்டுப் பாரு."

இத்தனை வருடம் கழித்து இதை எழுதும்போதும் எனக்கு அது ஆறவில்லை. தேர்வு வைத்தது நான், பூஜ்யம் போட்டது நான், பழியும் எனக்கா? அழவில்லை. நோட்டைக் கொண்டுபோய் அம்மாவின் மடியில் போட்டேன். மாவுக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு அவள் ஒவ்வொரு கட்டமாகப் படித்தாள். காற்றுக்கு வழி என்ற இடத்தில் சிரித்தாள். கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது. அங்கே நான் எழுதியிருந்தேன்: "அப்பா கேட்டது: உள்ளே இருப்பது வெளியே தெரியுமா? தேவையில்லாத கேள்வி. மதிப்பெண் கிடையாது."

"இது அப்பா கேட்டதா?"

"ஆமா. ரெண்டு தடவை."

"ரெண்டு தடவையா?"

இப்போது அப்பாவைக் கூப்பிட்டு என் முன்னால் விசாரிப்பாள் என்று காத்திருந்தேன். அவள் நோட்டை மூடி என்னிடம் கொடுத்துவிட்டு, பைகளைக் கழுவப் போய்விட்டாள்.

அடுத்த ஞாயிறு தூக்குகளைப் புளி போட்டுத் தேய்த்து எடுத்து வந்தாள். கண் கூசியது. நாலைக் கேரியரில் கயிற்றால் கட்டினாள். ஹேண்டில்பாரின் இருபக்கமும் இரண்டிரண்டாக மாட்டினாள். பச்சைப் பை கொடியிலேயே தொங்கியது. பழுப்பையாவது வாங்கலாமே, அதில் ஓட்டை இருக்கிறதே என்று நான் கெஞ்சினேன்.

"பையே வேண்டாம்டி."

அப்பா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "மேலே ஒரு துணியாவது போட்டுக்கயேன்."

"எதுக்கு? தூக்குக்குத்தான் மூடி இருக்கே" என்றாள் அம்மா. சைக்கிளில் ஏறி, தெருவில் ஒரு நாய்கூடக் குறுக்கே இல்லாதபோதும், முனை திரும்பும்வரை மணியடித்துக்கொண்டே போனாள்.

நான் உள்ளே போய் நோட்டைத் திறந்தேன். அன்று எழுதியது அப்படியே இருக்கிறது: "அம்மாவும் அப்பா கட்சி. அவரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. பழுப்புப் பைக்கு நியாயம் கிடைக்கவில்லை."