ஊசிக்கு அழாத பிள்ளை

1. தங்கப் புள்ளை

மூணாறுக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் கிரச்சில் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தேன். காலையில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார்கள் பிள்ளைகளை எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். மாலையில் வந்து தூக்கிக்கொள்வார்கள். கைக்குழந்தை முதல் மூன்று வயதுப் பிள்ளை வரை இருக்கும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பெண்கள் யாராவது ஏதாவது சொல்லுங்கள் என்று கேட்டால், ஜெர்லினைப் பற்றித்தான் சொல்கிறேன்.

அவள் தாய் ரோஸ்லின் அவளை என் கையில் கொடுத்தபோது அவளுக்கு மூன்று மாசம் முடிந்திருந்தது. கழுத்து நிற்கத் தொடங்கியிருந்தது. குரல் வந்த பக்கம் திரும்பினாள், முகம் பார்த்துச் சிரித்தாள், பசித்தால் அழுதாள். அந்த வயதுக்கு நாங்கள் பார்க்க வேண்டியதெல்லாம் சரியாக இருந்தது. ரோஸ்லினின் புருஷன் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலையில் இருந்தான். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்து வரிசை வீட்டில் தாயும் பிள்ளையும் மட்டும்தான்.

அந்த மாசமே தடுப்பூசி நாள் வந்தது. நர்ஸ் சிஸ்டர் கிரச்சுக்கே வந்து ஊசி போட்டார். ஒரு பிள்ளை வீறிட்டால், முறைக்குக் காத்திருக்கும் பிள்ளையும் சேர்ந்து வீறிடும். அன்று அறை முழுக்க ஒரே அழுகை. ஜெர்லின் தொடையில் ஊசி இறங்கியது. அவள் சிஸ்டரின் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். ஊசியை வெளியே எடுத்த பிறகும் அந்தச் சிரிப்பு மாறவில்லை.

"இப்படி ஒரு தங்கப் புள்ளைய நான் பாத்ததே இல்ல," என்றார் சிஸ்டர்.

எனக்கும் பெருமையாக இருந்தது. என்னோடு வேலை பார்த்த மாரியம்மா மட்டும் சிரிக்கவில்லை. "எனக்கு என்னமோ ஒரு மாதிரியா இருக்குக்கா," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

2. பல் முளைத்தபோது

எட்டாம் மாசம் கீழே இரண்டு பல் வந்தது. கொஞ்ச நாளில் மேலேயும் வந்தது.

ஒரு மத்தியானம் பிள்ளைகள் எல்லாம் தூங்கிக்கொண்டிருந்தார்கள். வெளியே மஞ்சு மூட்டம் இறங்கி, ஜன்னல் வெள்ளையாகிவிட்டது. அறையில் எங்கிருந்தோ ஈரமான ஒரு சத்தம், எதையோ மெல்லுவது போல. எலியாக இருக்கும் என்று கட்டில் அடியில் குனிந்து பார்த்தேன். சத்தம் தொட்டிலிலிருந்து வந்தது.

துணியை விலக்கினேன். ஜெர்லின் விழித்திருந்தாள். தன் விரலைக் கடித்து மென்றுகொண்டிருந்தாள். வாயும் தாடையும் சட்டையும் ரத்தம். விரல் நுனியில் தோல் இல்லை. என்னைப் பார்த்ததும், ஊசி போட்ட அன்று சிரித்தாளே, அதே மாதிரி சிரித்தாள். கையைப் பிடித்து இழுத்தபோதுதான் அழுதாள். அதுவும் வலியில் அல்ல. விளையாட்டுப் பொருளைப் பிடுங்கினால் எல்லாப் பிள்ளையும் அழுமே, அந்த அழுகை.

லயத்தில் பேச்சு பரவிற்று. "அது ரத்தம் குடிக்கிற புள்ள"யாம். இரண்டு தாய்மார் தங்கள் பிள்ளைகளை அனுப்புவதை நிறுத்தினார்கள். மாரியம்மா தன் மணிக்கட்டில் கறுப்புக் கயிறு கட்டிக்கொண்டாள். வெயில் அடித்த நாட்களில் ஜெர்லினுக்குக் காரணமே இல்லாமல் உடம்பு கொதித்தது. நல்ல வெயிலிலும் அவள் நெற்றியில் ஒரு பொட்டு வேர்வை கிடையாது. நான் கயிறு கட்டவில்லை. ஆனால் அவள் பக்கம் முதுகைக் காட்டி உட்காருவதில்லை என்று எனக்கே ஒரு நாள் தெரிந்தது.

பதினோராம் மாசம், ஒரு காலை, அவள் உள்ளங்காலில் வட்டமாகத் தீக்கொப்புளம் இருந்தது.

"ரோஸ்லினு, புள்ள காலுல என்னட்டி?"

அவள் குனிந்து பார்த்தாள். "எனக்குத் தெரியலியேக்கா. காலைல அடுப்பு பக்கத்துல இருந்து வெளையாண்டா. அழவே இல்ல. அழுதிருந்தா நான் பாத்திருக்க மாட்டேனா?"

நான் நம்பவில்லை. சூடு வைக்கிற தாயும் இதைத்தானே சொல்வாள் என்று நினைத்தேன். விரலில் காயம், காலில் சூடு, புருஷன் ஊரில் இல்லை. எனக்குள் கணக்கு சரியாக வந்துவிட்டது. அன்றைக்கே வெல்ஃபேர் ஆபீசரிடம் சொன்னேன்.

"நாளைக்குப் பத்து மணிக்கு அவள ஆபீசுக்கு வரச்சொல்லுங்க," என்றார் அவர். "புள்ளைய அவகிட்ட விடலாமா, வேண்டாமான்னே யோசிக்கணும்."

3. கஞ்சிப் பாத்திரம்

மறுநாள் ரோஸ்லின் ஆபீசில் நின்றுகொண்டிருந்த நேரம், ஜெர்லின் எங்களிடம் இருந்தாள். அப்போது தவழ்ந்துகொண்டிருந்தாள், எழுந்து நிற்கவில்லை. மாரியம்மா கஞ்சிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கித் தரையில் வைத்துவிட்டு, தட்டு எடுக்கத் திரும்பினாள்.

ஜெர்லின் தவழ்ந்து போய்ப் பாத்திரத்தைப் பிடித்து எழுந்தாள். முதல்முதலாக நின்றாள்.

ஒரு பிள்ளை முதல் தடவை நிற்பதைப் பார்த்தால் எங்களுக்கு வேறு எதுவும் கண்ணில் படாது. "நின்னுட்டா, பாரு, நின்னுட்டா," என்று கை தட்டினேன். அவள் தலையைத் திருப்பி என் முகத்தைப் பார்த்தாள். நான் சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டு இன்னும் அழுத்திப் பிடித்தாள். இரண்டு உள்ளங்கையும் பாத்திரத்தின் வயிற்றில் இருந்தன. அவள் முகத்தைச் சுற்றி ஆவி எழும்பிக்கொண்டிருந்தது. நான் இன்னும் தட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் வாடை வந்தது.

பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆபீசுக்கு ஓடினேன். என் தோளில் அவள் என் கம்மலை இழுத்து விளையாடினாள், அந்தக் கையாலேயே.

ரோஸ்லின் பிள்ளையின் கைகளைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இப்ப நீங்கதான பாத்துக்கிட்டு இருந்தீங்க," என்றாள். குரல் உயரவில்லை. ஆபீசர் எழுந்துபோய் ஜீப்பை எடுக்கச் சொன்னார்.

கீழே பெரிய ஆசுபத்திரியில் டாக்டரம்மா கையில் மருந்து வைத்துக் கட்டினார். பிறகு காதைக் கிள்ளினார். காலில் ஊசி முனையால் தொட்டார். ஜெர்லின் அவருடைய பேனாவை எட்டிப் பிடித்தாள். அவர் மலையாளத்தில் மெதுவாகச் சொன்னார்: "சேச்சீ, ஈ குட்டிக்கு வேதன அறியில்ல."

இந்தப் பிள்ளைக்கு வலி தெரியாது. பிறவியிலேயே அப்படி. வேர்வையும் வராது, அதனால்தான் அந்தக் காய்ச்சல். பின்னால் எடுத்த பல சோதனைகளிலும் அதுதான் உறுதியானது. மாற்ற மருந்து இல்லை என்றார்கள். தொட்டால் தெரியும், அணைத்தால் தெரியும், கூச்சம் தெரியும். வலியும் சூடும் மட்டும் தெரியாது.

அன்று திரும்பி வரும்போது ஜீப்பில் ரோஸ்லினிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் வெளியே பார்த்தபடி, "நானே என்னைச் சந்தேகப்பட்டேன்க்கா," என்றாள். "எனக்குத் தெரியாம நானே ஏதாச்சும் பண்ணிடுறேனோன்னு."

4. என் முகம்

பல்லின் கூர்மையை டாக்டர்கள் மழுக்கிவிட்டார்கள். கைக்குத் துணி உறை போட்டோம். ஒவ்வொரு மணி நேரமும் உச்சி முதல் பாதம் வரை பார்த்தோம். நடக்கும்போது கால் சாய்கிறதா, எங்காவது வீங்கியிருக்கிறதா என்று பார்த்தோம். வெயில் நாளில் ஈரத்துணி. மாரியம்மா கயிறு கட்டிய கையாலேயே அதையெல்லாம் செய்தாள்.

ஒரு வயதை ஒட்டி, பழக்கமில்லாத எதைக் கண்டாலும் பிள்ளை பெரியவர் முகத்தைப் பார்க்கும். அந்த முகம் சிரித்தால் முன்னே போகும், பயந்தால் நிற்கும். ஜெர்லினுக்கு அந்த முகத்தை விட்டால் வேறு எச்சரிக்கை இல்லை. அதனால் அவள் உடம்பில் ரத்தம் கண்டபோதெல்லாம் புருவத்தைச் சுருக்கி, உதட்டை இழுத்து, "ஆ... வலி" என்று காட்டினேன். மாசக்கணக்கில் காட்டினேன்.

இரண்டு வயது இருக்கும்போது ஒரு நாள் முற்றத்தில் உட்கார்ந்து தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரத்தம் வழிந்தது. மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். என் புருவம், என் உதடு அவள் முகத்தில் வந்தது. என் குரலில், நான் இழுப்பது போலவே இழுத்து, "ஆ... வலி," என்றாள். கண்ணில் துளி ஈரமில்லை. நான் தலையசைத்ததும் அந்த முகம் அப்படியே கழன்று விழுந்தது போல மறைந்தது. சிரித்தாள். எனக்கு உடம்பு சில்லிட்டது. நான்தான் கற்றுக்கொடுத்தேன். இருந்தாலும் சில்லிட்டது.

மூன்று வயது ஆகப்போகிற சமயம், கூட விளையாடிய சுபா படியில் விழுந்து நெற்றியை உடைத்துக்கொண்டு கத்தினாள். நான் ஓடுவதற்குள் ஜெர்லின் அங்கே இருந்தாள். சுபாவின் நெற்றியைப் பார்த்தாள். தன் நெற்றியில் அதே இடத்தில் கையை வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை. தேம்பித் தேம்பி அழுதாள். அன்று முழுவதும் மூக்கு ஒழுகும் அளவுக்கு அழுதாள். அதை நான் சொல்லித்தரவில்லை. அவள் எங்கிருந்து எடுத்தாள் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இப்போது ஜெர்லின் ரெண்டாம் கிளாஸ் படிக்கிறாள். பள்ளிவிட்டு வந்ததும் கண்ணாடி முன்னால் நின்று உடம்பைத் தானே சோதித்துக்கொள்கிறாள் என்று ரோஸ்லின் சொன்னாள்.

புதிதாக வருகிறவர்களுக்கு: அழுகிற பிள்ளையிடம் யாரும் ஓடுவார்கள். சத்தமே போடாத பிள்ளையை நல்ல பிள்ளை என்று சொல்லி நகர்ந்துவிடாதீர்கள். உட்கார்ந்து அதன் உள்ளங்கையை விரித்துப் பாருங்கள். தாயின் மேல் பழி சொல்வது அதற்குப் பிறகு இருக்கட்டும்.