கடல் திருப்பித் தந்த அக்கா

என்னோடு படிப்பிக்கும் கல்முனை டீச்சர் ஒருவர் மெதடிஸ்ட் குடும்பத்தவர், கதைப்புத்தகப் பைத்தியம். விடுமுறைக்கு முன் தடித்த மொழிபெயர்ப்பு நாவலொன்றை என் கையில் வைத்து, "ராஜகுமாரிக் கதை மாதிரித்தான் தொடங்கும். பொறுமையா வாசிங்க டீச்சர்" என்றார்.

பேசும் ஆமை, உப்பால் கட்டிய அரண்மனை. இந்த வயதில் எனக்கு இது தேவையா என்று சிரிப்புத்தான் வந்தது. பிறகு, கடல் உள்வாங்கும் அத்தியாயம் வந்தது. கரை நெடுக மீன்கள் துடிக்கின்றன. சனங்கள் சிரித்துக்கொண்டே பார்க்க இறங்குகிறார்கள். அலைச்சத்தம் நின்றுபோனதை ஒருவரும் கவனிக்கவில்லை.

அன்று அதற்குமேல் வாசிக்க முடியவில்லை. சுனாமியன்று சாய்ந்தமருதில் முதலில் வந்த தண்ணீர் வற்றியதும் கடல் அப்படித்தான் உள்ளே போனது. என் ராத்தாவும், அதாவது என் மூத்த சகோதரியும், மற்றவர்களோடு சிரித்துக்கொண்டுதான் பார்க்கப் போனார். அவருடைய உடல், மையித்துக்கூட எங்களுக்குக் கிடைக்கவில்லை. பனி பெய்யும் நாடொன்றில் இருக்கும் எழுத்தாளருக்கு அந்தச் சிரிப்பு எப்படிக் கேட்டது?

மறுநாள் மிச்சத்தையும் வாசித்தேன். முடிவில்தான் ஆத்திரம் வந்தது. அலை கொண்டுபோன ராஜகுமாரியின் தங்கை கடலரசனிடம் போய், தன் ஆயுளில் பாதியைக் கொடுத்து அக்காவை மீட்டு வருகிறாள். அக்காவின் தலைமுடிகூட நனையவில்லை. பாதி என்ன, கேட்டிருந்தால் முழுவதையுமே கொடுத்திருப்பேன். எங்களிடம் யார் கேட்டார்கள்?

புத்தகத்தை மூடிவிட்டுக் குசினிக்குப் போனேன். மீன் வெட்டிக்கொண்டிருந்த உம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"என்ன மகள், முகம் ஒரு மாதிரி இரிக்கி?"

கதையைச் சொன்னேன். ராத்தாவின் பேச்சு வந்தாலே "அல்லாஹ்ட நாட்டம்" என்று எழுந்து போய்விடுகிறவர், அன்று கத்தியைக் கீழே வைத்தார்.

"திரும்பி வந்த புள்ள முதல்ல என்ன கதச்சா?"

"அது புத்தகத்துல இல்ல உம்மா."

"அத எழுதாம உட்டுட்டாரே. நம்மட புள்ளயெண்டா, பசிக்கிதும்மா எண்டுதான் செல்லியிருப்பா."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. உம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, ராத்தா இடியப்பத்துக்குச் சண்டை பிடித்ததையெல்லாம் சொல்லத் தொடங்கினார். பின்னேரத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்லும்வரை சொன்னார். இத்தனை வருடங்களில் நான் கேட்டிராத கதைகள்.

டீச்சரிடம் இன்னும் கொஞ்ச நாள் தரும்படி கேட்டு, இப்போது அந்த நாவலை உம்மாவுக்கு வாசித்துக் காட்டுகிறேன். முடிவை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம்தான். நேற்று, கடல் உள்வாங்கும் இடத்தை வாசித்தபோது உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஓம், இப்பிடித்தான். சத்தமே இல்ல. அந்த மனிசனுக்கு இத ஆரு செல்லிக் குடுத்த?"

அந்தப் பக்கத்தை இன்னொருமுறை வாசிக்கச் சொன்னார். வாசித்தேன்.