எட்டுப் பேருக்கான மொச்சைச் சாதம்

என் வீட்டுக்காரருக்குச் சமைக்கத் தெரியும். பிரச்சினையே அதுதான்.

குவைத்தில் ஒரே அறையில் எட்டு ஆண்கள், முறை வைத்துச் சமையல். வெள்ளிக்கிழமை இவருடைய முறை. அன்றைக்கு வேலை கிடையாது. வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்களாம். அதற்குத் தோதாக, பயறையும் அரிசியையும் ஒரே பானையில் போட்டுக் கிண்டி இறக்கப் பழகிக்கொண்டார். லீவில் ஊருக்கு வந்தால் நான் அவரை அடுப்படிப் பக்கமே விடமாட்டேன். விருந்தாளி மாதிரி வந்து போகிற மனுஷனிடம் கரண்டியைக் கொடுப்போமா? அதனால் அவர் கைக்கு எட்டுப் பேர் அளவு மட்டும்தான் தெரியும் என்பது எனக்கு இத்தனை வருஷமாய்த் தெரியவில்லை.

இந்த முறை பார்த்துவந்த வேலை முடிந்துபோய் வந்திருந்தார். மகள் சென்னையில் இருக்கிறாள். நான் காலையில் பஸ் பிடித்து அன்னவாசல் பக்கம் பள்ளிக்கூடத்துக்குப் போனால் சாயங்காலம்தான் திருக்கோகர்ணம் திரும்புவேன். வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்க அவருக்குப் பிடிக்கவில்லை. ஒருநாள் நான் வரும்போதே தெருவெல்லாம் சோம்பும் பூண்டும் வதங்கும் மணம். உள்ளே போய்ப் பார்த்தால், கல்யாண வீட்டுக்கு வாங்கியது போல ஒரு புது அலுமினிய தேக்சா. அது நிறைய மொச்சைச் சாதம்.

"ஏங்க, யாரு வர்றாங்க?"

"யாரும் வரலையே. நமக்குத்தான்."

நான் கணக்கு டீச்சர். எட்டிலிருந்து ஆறைக் கழிக்கத் தெரியாத மனுஷனையா கட்டிக்கொண்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் ஒரு வாய் எடுத்து வைத்ததும் கோபம் அப்படியே இறங்கிவிட்டது. முதல் நாளே ஊறப்போட்ட மொச்சை, தோல் கிழியாமல் உள்ளே வெண்ணெயாய் வெந்திருந்தது. முழுசாய்ப் போட்ட பூண்டு, பிளந்து போட்ட கத்தரிக்காய், காரம் ஏறிய சோறு. கூடவே சுட்ட அப்பளம். சத்தியமாய்ச் சொல்கிறேன், எனக்கு அந்தப் பக்குவம் வராது. அதை அவரிடம் சொல்லவில்லை. "உப்பு ஒரு கல் கூட" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் தட்டைப்பயறு. தேங்காய் அரைத்து ஊற்றியது. அதுவும் எட்டுப் பேருக்கு. குறைத்துப் போடச் சொல்லி நான் கத்தியதில் ஒருநாள் குறைத்தும் பார்த்தார். சோறு குழைந்து கஞ்சியாகிவிட்டது. அவர் படியோ டம்ளரோ வைத்து அளக்கிறவர் அல்ல. அரிசிக்கு மேல் விரலை ஊன்றி, ஒரு கணு தண்ணீர் நின்றால் போதும் என்பது அவர் கணக்கு. பெரிய பானையில் அது சரியாக வரும், சின்னப் பாத்திரத்தில் ஏமாற்றிவிடும்.

"கை பழகிப்போச்சுடி. கொறைச்சா பதம் வரமாட்டேங்குது" என்றார் பாவமாய்.

இன்னொரு பழக்கமும் உண்டு. சாதத்தை இறக்கியதும் கரண்டியால் தேக்சா விளிம்பில் டங், டங் என்று தட்டுவார். அறையில் தூங்குகிறவர்களை அப்படித்தான் எழுப்புவார்களாம். இங்கே அந்தச் சத்தத்துக்கு எதிர்வீட்டு அக்கா தூக்குச்சட்டியோடு வர ஆரம்பித்தார்.

"டீச்சரு, ஒங்க வீட்டு மணி அடிச்சா எங்க வீட்டுல அடுப்ப அணைச்சுர்றேன்" என்று சிரிப்பார். அவருக்கென்ன, சிரிக்கமாட்டாரா?

நானும் சிரிப்பேன், எரிச்சல்படுவேன், வயிறாரச் சாப்பிடுவேன். ஆனால் உள்ளுக்குள் ஒன்று உறுத்திக்கொண்டே இருந்தது. இவர் இன்னும் அந்த அறையில்தான் சமைக்கிறார். மறுபடி கூப்பிட்டால் போய்விடுவார். போகாதீங்க என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். முன்பெல்லாம் சொன்னேன், அழுதும் சொன்னேன். அப்போதெல்லாம் போனவர்தானே? இந்தத் தடவை அவராகச் சொல்லட்டும் என்ற வீம்பு எனக்கு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தது. அவருடைய பழைய போர்மேன். சத்தமாய்ப் பேசுகிற ஆள் என்பதால் அடுப்படிவரை கேட்டது. புது வேலை கிடைத்திருக்கிறதாம், அதே அறையில் இடமும் இருக்கிறதாம், சரியென்றால் உடனே விசாவுக்குச் சொல்லிவிடுவாராம்.

"நாளைக்குச் சொல்றேண்ணே" என்றார் இவர்.

சுத்தமாய் இருந்த அடுப்பை நான் இன்னொரு தடவை துடைத்தேன். அவரும் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. சாயங்காலம் வழக்கம்போல மொச்சையைக் கழுவி ஊறப்போட்டார். நான் அந்தப் பக்கம் திரும்பியே பார்க்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் என்ன நடத்தினேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. சாயங்காலம் பஸ்ஸை விட்டு இறங்கி வேகமாய் நடந்தேன். தெருமுனையில் மணம் வந்தது, ஆனால் அந்த டங் டங் சத்தம் வரவில்லை. அடுப்படிக்குள் போனேன். தேக்சா இருந்த இடம் காலி. அடுப்பில் என் பழைய குட்டிக் குக்கர். திறந்து பார்த்தால் அடியில் கொஞ்சூண்டு சாதம்.

அவ்வளவுதான், எனக்குப் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். பாத்திரத்தை ஏறக்கட்டிவிட்டார். எனக்கு மட்டும் ஆக்கி வைத்துவிட்டு, தனியாய்ச் சாப்பிட மறுபடியும் பழகிக்கொள் என்கிறார். வந்ததே கோபம்!

"தேக்சா எங்கங்க?"

"எதுத்த வீட்டு அக்காட்ட கொடுத்துட்டேன். இனிமே அது நமக்கு எதுக்கு?"

"இது யாருக்கு ஆக்குனது? எத்தனை பேருக்கு?" என் குரல் தெருவுக்கே கேட்டிருக்கும்.

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "ரெண்டு பேருக்கு. ஒனக்கும் எனக்கும். வேற யாரு இருக்கா இங்க?"

கையிலிருந்த குக்கர் மூடியைக் கீழே வைத்தேன்.

"போர்மேன்ட்ட காலையிலேயே சொல்லிட்டேன், வேற ஆளப் பாத்துக்கங்கன்னு" என்றார். "நேத்து மொச்சைய ரெண்டு கைதான் ஊறப்போட்டேன். நீ பாத்துட்டுக் கேப்பேன்னு நெனச்சேன். நீ எங்க பாத்த, மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு அடுப்பத் தேச்சுக்கிட்டு இருந்த."

சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது எனக்கு. அவருக்குத் தெரியக்கூடாது என்று பையைக் கழற்றிவைக்கும் சாக்கில் திரும்பி நின்றுகொண்டேன். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தேன். தண்ணீருக்கு என் டம்ளரைத் தேடி எடுத்து அளந்திருக்கிறார். பதம் என்னவோ சரியாகத்தான் வந்திருந்தது. ஆனால் எட்டிலிருந்து இறங்கியவர் இரண்டில் நிற்காமல் ஒன்றரைக்கே போய்விட்டார் போல. ஆளுக்கு ஒரு தட்டு போட்டதும் குக்கர் காலி. அடியில் ஒட்டியிருந்த காந்தலை நான் சுரண்ட, அவரும் தட்டை நீட்டினார்.

"பத்தலைங்க" என்றேன். பசி அப்படியே இருந்தது.

"அப்படியா?" என்று குக்கருக்குள் எட்டிப் பார்த்தார். "சரி விடு, நாளைக்கு ஒரு கை கூடப் போடுறேன்."